மூன்றரை அடி

அறிவியலில் என் பெயரைத் தாங்கி இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, வேதமூர்த்தி விளைவு. மற்றது, வேதமூர்த்தி திருத்தம். முதலாவது வெறும் உளறல் என்று அறிவிக்க வந்ததுதான் இரண்டாவது. இரண்டையும் எழுதியவன் நானே. ஒரு மனிதன் தன்னைத் தானே இவ்வளவு முறையாக மறுத்துக்கொண்டது உலகத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று என் மனைவியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "வீட்ல தினமும் நடக்கறதுதானே" என்றாள்.

நான் தாழ்நில வாரியத்தில் மட்டம் பார்ப்பவனாக முப்பது வருடம் குப்பை கொட்டியவன். மூன்று கால் கருவியை நட்டு, எதிரே ஒருவர் பிடிக்கும் அளவுகோலைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, இந்த இடம் கடலைவிட எத்தனை அடி மேலே அல்லது கீழே என்று நோட்டில் எழுத வேண்டும். காவிரியின் கடைமடையில் இந்த வேலைக்கு நல்ல மரியாதை. அங்கே நிலம் தட்டையாகக் கிடக்கும். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும், கடல் தண்ணீர் முதலில் வந்துவிடும். தை முதல் ஆடி வரை உப்பு விளைச்சல், ஐப்பசி பிறந்தால் மழை, புயல், அடியில் கறுப்புக் களிமண், ஓரத்தில் அலையாத்திக் காடு, நடுவில் இறால் குட்டைகள். ஒரு சாண் உயரம் கூடினால் அங்கே ஒரு ஊரின் ஆயுள் கூடும்.

கடல் ஏற ஆரம்பித்ததும் வாரியம் ஒரு வழி கண்டுபிடித்தது. மேலே அணைகளில் தேங்கிக் கிடக்கும் வண்டலைக் கூழாகக் கரைத்து, குழாய் வழியாக ஆயிரம் அடி ஆழத்துக் களிமண் அடுக்குகளுக்கு நடுவே அழுத்திச் செலுத்துவது. மேலே இருக்கும் ஊர், வீடு வாசல் கோயில் தென்னைமரம் சகிதமாக மெல்ல எழும்பும். மாதத்துக்கு நான்கு விரற்கடை. திண்ணமாகச் சொல்கிறேன், மேசைமேல் இருக்கும் டம்ளரில் ஒரு சொட்டு சிந்தாது. ஆனால் ஒரு வருடத்தில் ஒரு ஊரைத் தூக்கத்தான் வண்டல் கிடைத்தது. ஆகவே விதி எழுதினார்கள்: எந்த ஊர் எல்லாவற்றிலும் தாழ்ந்ததோ, அதற்கே முதல் முறை.

பட்டியலில் முதலிடம் கீழ்வெளி. கடல் மட்டத்துக்கு அரையடி கீழே. அளந்தவன் அடியேன், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில். இரண்டாமிடம் பக்கத்தில் இருக்கும் கருங்கண்ணித்திட்டு, கடலுக்குக் கால் அடி மேலே. அதை அளந்தவர் வேறு ஒருவர், ஒழுங்கானவர்.

கடலுக்கு அரையடி கீழே இருக்கும் ஊருக்குள் கடல் ஏன் வரவில்லை என்று எந்த மனிதனுக்கும் சந்தேகம் வர வேண்டும். எனக்கும் வந்தது. சந்தேகம் வந்தவன் திரும்பப் போய் அளந்திருக்கலாம். நான் நாற்பது பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன். உப்பும் களியும் சேர்ந்து நிலத்தடியில் ஓர் எதிரழுத்தத்தை உண்டாக்கி, கடலை வெளியே நிறுத்தி வைக்கின்றன என்று பதினேழு சமன்பாடுகளால் நிறுவினேன். அதுதான் வேதமூர்த்தி விளைவு. சால்வை போட்டார்கள், பதவி உயர்வு தந்தார்கள். செயற்கைக்கோள் மட்டும் அந்த ஊர் மூன்றடி மேலே இருக்கிறது என்று அடம்பிடித்தது. வாரியத்தின் விதி தெளிவானது: தரையில் உயரம் குறித்து நட்டிருக்கும் மட்டக்கல்தான் மெய், வானத்துக் கண் அதற்கு அடங்க வேண்டும். செயற்கைக்கோளைத் திருத்திவிட்டோம்.

ஊரைத் தூக்கும் முன்பு சட்டப்படி மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். திட்டப் பொறியாளர் நிலோஃபர், நாகூர்ப் பெண், முப்பத்திரண்டு வயது. என் விளைவை வைத்துத்தான் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாள், பாவம். கீழ்வெளிப் பள்ளிக்கூடத்தில் அவள் படம் போட்டு விளக்கி முடித்ததும், ஊராட்சித் தலைவர் தையல்நாயகி எழுந்தார். ஐம்பது வயது, உப்பளத் தொழிலாளி. உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் இரண்டும் வெளுத்துப் போயிருந்தன.

"எங்க ஊரு பள்ளம்னு யாரு சொன்னது?"

நிலோஃபர் பக்தியோடு என்னைக் காட்டினாள்.

"சார், புயல் வந்தா கருங்கண்ணித்திட்டு சனமெல்லாம் பாய் படுக்கையோட எங்க ஊர்லதான் வந்து தங்குது. மேட்டுல இருக்கறவன் பள்ளத்துல வந்தா ஒதுங்குவான்?"

"அது ஒரு தோற்றம்மா. அடியில ஒரு எதிரழுத்தம் இருக்கு. அதத்தான் நான்..."

"அழுத்தம் இருக்கட்டும். எங்க பாத்திக்குக் கடல் தண்ணி எப்படி வருது தெரியுமா? மோட்டார் கெடையாது, மிஷின் கெடையாது. கடல் ஏத்தத்துல வாய்க்கால் வழியா அதுவா வரும், மடையத் தொறந்தா அதுவா பாத்திக்குப் பாத்தி எறங்கும். எங்க அளத்துல ஒரு பாத்திக்கும் அடுத்த பாத்திக்கும் ஒரு வெரல் வித்தியாசம். நீங்க ஊரயே நாலடி தூக்கிட்டா தண்ணி எப்புடி ஏறும்? நானூறு குடும்பம் மேட்டுல ஒக்காந்து கடல வேடிக்க பாக்கவா?"

"ஊர் முழுகாம இருக்கணும் இல்லையா?" என்றாள் நிலோஃபர்.

"முழுகுற ஊரத் தூக்குங்கம்மா. அந்தா இருக்கு கருங்கண்ணித்திட்டு, போன ஐப்பசியில ரெண்டு புள்ளைங்கள வாரிக் குடுத்துட்டு நிக்கிது."

கூட்டம் முடிந்தது. தலைவரம்மாவுக்கு அறிவியல் புரியவைக்கும் நல்லெண்ணத்தோடு, நான் முப்பது வருடத்துக்கு முன்பு ஆதாரமாக வைத்து அளந்த மட்டக்கல்லைக் காட்டச் சொன்னேன். "கல்லா? எங்க அம்புக்கல் சாமியவா சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தார்.

உப்பளத்து வாய்க்கால் வாயில் சின்னக் கோயில். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல், முகத்தில் ஒரு கோடும் அதன் கீழே ஓர் அம்புக்குறியும் செதுக்கியது. கல் உச்சி கடல் மட்டத்துக்கு நான்கடி மேலே என்பது ஆவணம். அந்த அம்பைச் சூலமாகக் கண்டு ஊர் நாலு தலைமுறையாகக் கும்பிடுகிறது. மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, சிவப்புப் பட்டு கட்டி, வழுவழுப்பான ஓடு பதித்த பீடத்தில் கீழ்ப்பாதி பதிந்து சாமி கம்பீரமாக வீற்றிருந்தார். பீடத்தின் உயரம் மூன்றரை அடி.

"இந்தப் பீடம்..." என்றேன்.

"எங்கப்பாதான் தோள் குடுத்துத் தூக்கி வச்சாரு. கும்பாபிசேகத்தப்ப. அதுவரைக்கும் அந்தா, அந்தக் குழியில பாதி பொதஞ்சு தரையோட தரையா கெடந்துச்சு. சாமிய சேத்துல வுடலாமா சார்?"

அவர் காட்டிய இடத்தில் ஒரு செவ்வரளிச் செடி பூத்திருந்தது. பீடத்தின் முகப்பில் பளிங்குக் கல்வெட்டு: 'இப்பீடத்தை உயர்த்தி எழுப்பியவர்கள்' என்று பதினான்கு பெயர்கள், தேதியோடு. நான் இங்கே அளக்க வந்ததற்கு மூன்று வருடம் முந்தைய தேதி. இந்தக் கல்வெட்டை எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் சுண்டல் சாப்பிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி தலையில் அளவுகோலை வைத்துக்கொள்ள பூசாரியிடம் உத்தரவு கூட வாங்கினேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கல் மூன்றரை அடி உயர்ந்திருந்தால், அதிலிருந்து நான் கணக்கிட்ட ஊர் அத்தனையும் மூன்றரை அடி தாழ்ந்து தெரியும். எதிரழுத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூன்றடி மேட்டில் இருக்கும் ஊருக்குள் கடல் வராததற்கு நான் பதினேழு சமன்பாடு போட்டிருக்கிறேன்.

"என்ன சார், ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று தையல்நாயகி கேட்டார். உட்கார இடம் காட்டினார். வெட்கத்தில் அழுதுவிடுவேன் போலிருந்தது. சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "அப்ப முப்பது வருசமா எங்க ஊருக்குப் பொண்ணு குடுக்க யோசிச்சானுவளே, முழுகுற ஊருன்னு. அது ஒங்களாலதானா?" என்றார். அதற்கு என் கட்டுரையில் சமன்பாடு இல்லை.

மறுநாள் வாரியத்தில் ஒப்புக்கொண்டேன். வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவனுக்கு அந்த அளவு வீரம் சுலபம். நிலோஃபர் என்னைப் பார்க்காமல் தன் ஆய்வேட்டை மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். மேலதிகாரிகள் சாமர்த்தியசாலிகள். ஆயிரக்கணக்கான கோப்புகளை மாற்றுவதைவிடக் கல்லைப் பழைய குழியில் இறக்கிவிடுவது எளிது என்றார்கள். நானே போய்க் கேட்டேன்.

"ஏத்தி வச்ச சாமிய எறக்கறதா?" என்றார் தையல்நாயகி. "ஒங்க காயிதத்த மாத்துங்க சார். சாமி எறங்காது."

ஆகவே கல் அங்கேயே இருந்தது, காகிதம் மாறியது. கணினியில் ஒரு நிரந்தர விதியை எழுதிச் சேர்த்தேன்: கீழ்வெளி கடலுக்குக் கீழே என்று எங்கிருந்து எந்த எண் வந்தாலும், அதைப் பழைய பிழை எனக் கொண்டு மூன்றரை அடி கூட்டிக்கொள்க. அதுவே வேதமூர்த்தி திருத்தம். குழாய்கள் கருங்கண்ணித்திட்டுக்குப் போயின. கடைசி நாளில் இன்னொரு தாளும் கையெழுத்துக்கு வந்தது. அவ்வளவு வண்டலைக் கரைக்க நிலத்தடித் தண்ணீர் வேண்டும், எந்த ஊரில் எடுக்கலாம்? கீழ்வெளி மேடான ஊர், தாராளமாக எடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிராயச்சித்தம் செய்துவிட்ட குஷியில் இருந்தேன்.

நான்கு வருடம் கழித்துத் தையல்நாயகி போன் செய்தார்.

"சார், மடை தொறந்தா தண்ணி உள்ள வருது. திரும்பப் போவ மாட்டேங்குது."

கிளம்பிப் போனேன். கருங்கண்ணித்திட்டு வழியில் நாலடி உயரத்தில் ஜம்மென்று நின்றது, புது இறால் குட்டைகளும் மாடி வீடுகளுமாக. கீழ்வெளியில் உப்புப் பாத்திகள் குளமாகிக் கிடந்தன. ஊரைச் சுற்றிச் சனங்களே மண் அணைத்துக் கரை போட்டிருந்தார்கள். கோயில் கரைக்கு வெளியே மாட்டிக்கொண்டிருந்தது, கடல் ஏற்றத்தில் பீடத்தின் பாதி வரை ஈரக்கறை. எனக்கு உடனே புரிந்தது. அடியிலிருந்த தண்ணீரை நான்கு வருடம் உறிஞ்சி எடுத்தால், மேலே இருக்கும் களிமண் வற்றிச் சுருங்கி அமுங்கும்.

இந்த முறை கல்லை நம்பவில்லை. கல்லும் ஊரோடு சேர்ந்தே இறங்கியிருந்தது, அதை வைத்து அளந்தால் எல்லாம் நலம் என்றே வரும். வாய்க்காலில் அளவுகோலை நட்டு, பதினைந்து நாள் கடலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். தையல்நாயகி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. முடிவில் கணக்குப் போட்டேன். கீழ்வெளி கடலுக்கு அரையடி கீழே. முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்பு தப்பும் தவறுமாக நான் எழுதிய அதே எண். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அது ஒன்றுதான் பலித்தது.

வாரியத்துக்கு அனுப்பினேன். கணினி பெற்றுக்கொண்டு, மூன்றரை அடி கூட்டி, 'நிலை: பாதுகாப்பு' என்று பதில் அனுப்பியது. கீழே சிறிய எழுத்தில்: வேதமூர்த்தி திருத்தத்தின்படி.

இப்போது முதன்மைப் பொறியாளராகிவிட்ட நிலோஃபரைக் கூப்பிட்டேன்.

"சார், செயற்கைக்கோள்லயும் அதே அரையடிதான் வருது. அது பழைய பிழைன்னு நீங்கதானே விதி எழுதினீங்க?" அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் வலித்தது. "கல்ல யாராவது மறுபடி தூக்கிட்டாங்களா சார்? நல்லா விசாரிச்சீங்களா?"

"கல்லிலிருந்து அளக்கலம்மா. கடலிலிருந்து அளந்தேன்."

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க அளவ வச்சு நான் ஒரு தடவ மேலதிகாரிங்க முன்னால போய் நின்னு அவமானப்பட்டிருக்கேன். அடுத்த வருஷ வண்டலுக்கு ஒன்பது ஊர் வரிசையில நிக்குது. திருத்தத்த மீறணும்னா ஒரே ஒரு வழிதான். மட்டக்கல் தன் பழைய இடத்துல இருக்கும்போது அது கடல்ல முழுகணும். அப்படின்னா அந்தக் கல்லோட நாலடிங்கற எண் செல்லாது, திருத்தமும் செல்லாது. நான் கண்ணால பாக்கணும்."

போனைத் தாழ்த்தினேன். தையல்நாயகி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சாமியை இறக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் துணிவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

அவர் பீடத்தைத் திரும்பிப் பார்த்தார். "எங்கப்பா தோள்ல கடைசி வரைக்கும் அந்தத் தழும்பு இருந்துச்சு" என்றார். பிறகு, "பௌர்ணமி என்னிக்கு சார்?"

"நாளன்னிக்கு."

"அன்னிக்குத்தான் ஏத்தம் பெருசா இருக்கும். காலையில தண்ணி எறங்குனதும் ஆளுவள வரச் சொல்றேன்."

பௌர்ணமியன்று காலை ஊரே கோயில் முன்னால் சேற்றில் நின்றது. செவ்வரளியை வேரோடு பெயர்த்து ஒரு வாளியில் வைத்தார்கள். குழியைத் தோண்டினார்கள். பூசாரி கற்பூரம் காட்டி, சாமியிடம் காரணத்தைச் சத்தமாக, விவரமாகச் சொன்னார், என் பெயர் உட்பட. எட்டுப் பேர் கல்லைத் தூக்கினார்கள். ஒன்பதாவதாக நானும் தோள் கொடுக்கப் போனேன். "நீங்க ஒதுங்குங்க சார், காலு வழுக்கிக் கல்ல போட்டுடுவீங்க" என்றார்கள். ஒதுங்கினேன். நியாயம்தானே.

கல் குழியில் இறங்கியது. ஓர் அடி மட்டும் வெளியே தெரிந்தது, முன்பு இருந்தபடியே. தையல்நாயகி பட்டுத் துணியை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

பத்து மணிக்கு மேல் வாய்க்காலில் தண்ணீர் திரும்பியது. நான் கைபேசியில் நிலோஃபரைப் பிடித்துக் கல்லைக் காட்டியபடி நின்றேன். என்றைக்கோ யாரோ செதுக்கிய அம்பின் அடியைத் தண்ணீர் தொட்டது. மஞ்சள் கரைந்து பரவியது. அம்பு மறைந்தது, மேலே இருந்த கோடு மறைந்தது. பின்னால் ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். என் முழங்கால் வரை தண்ணீர் வந்தபோது, கடலுக்கு நான்கடி மேலே இருப்பதாக ஆவணம் சொல்லும் அந்தக் கல் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

திரையில் நிலோஃபர் குனிந்து உற்றுப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினாள். காகிதம் எடுக்கும் சத்தம் கேட்டது.

"சார், வண்டல் வரிசையில எழுதணும், அங்க இப்ப எத்தன வீடு இருக்கு?"

முப்பது வருடமும் அதற்குப் பிறகு நான்கு வருடமும், அந்த ஊரின் உயரத்தை மட்டும்தான் நான் அளந்திருக்கிறேன். இந்தக் கேள்வியை அலுவலகத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. எனக்குத் தெரியவில்லை.

தையல்நாயகி என் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டார்.

"நானூத்திப் பதினாறும்மா. அதுல ரெண்டு பூட்டிக் கெடக்கு. எழுதிக்கிட்டியா?"